லிஃப்டுக்குள் ஒரு பாட்டு

அடையாறில் ஒரு சின்ன இசை நிறுவனம் இருக்கிறது. கடை ஷட்டர், குக்கர் விசில், தண்ணீர் லாரி என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் பாட்டாக்கி, விசித்திரமான வீடியோக்கள் எடுப்பார்கள். எனக்கு அவற்றின்மேல் பைத்தியம்.

ஒருநாள் தி.நகர் ஜவுளிக்கடை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். இருட்டு. போனில் சிக்னல் இல்லை. பயத்தில் குரலே எழும்பவில்லை. கதவைத் தட்டினேன். பாழாய்ப்போன கை, அந்த அடையாறு நிறுவனத்தின் ஷட்டர் பாட்டின் தாளத்தைத்தான் தட்டியது.

வெளியே யாரோ வந்து நின்றார்கள்.

"லிஃப்ட்ல பாட்டு போட்ருக்கானுங்க மச்சி. சூப்பரா கீது!"

காலடிச் சத்தம் விலகியது. இரண்டு கையாலும் கண்டபடி அறைந்தேன்.

"டேய், உள்ள ஆளு கீதுடா!"

இன்றும் அந்த வீடியோக்களுக்கு நான் ரசிகன்தான். ஆனால் எங்காவது தட்டும் சத்தம் தாளம் தப்பாமல் கேட்டால், முதலில் கதவைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.