உடன்பிறந்தோர் விவரம்

மாரெட்பள்ளியில் எங்கள் மாடிவீட்டுப் பெண் வர்ஷினி, உளவுத்துறை வேலைக்காக மூன்று வருஷம் படித்தாள். ஐ.டி. கம்பெனிக்குப் போகாமல் இந்த வம்பு எதுக்குடி என்று நானே கேட்டிருக்கிறேன். "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா ஸ்டெல்லா ஆன்ட்டி" என்று சிரிப்பாள். எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கடைசியில் குடும்ப விவரம் கேட்டு ஒரு படிவம் வந்தது. எதை மறைத்தாலும் வேலை கிடையாது என்று அதன் தலையிலேயே அச்சடித்திருந்தது.

உடன்பிறந்தோர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டதாம். அண்ணன் கணேஷ்குமார் வெளிநாட்டில் இருக்கிறான். அம்மா இறந்தபோதுகூட அவன் வரவில்லை. அன்றைக்கே அப்பா அருணாசலம் அவனைத் தலைமுழுகிவிட்டார். ரேஷன் கார்டிலிருந்தும் பேரை எடுத்தாயிற்று. ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன். பிடித்தால் உடும்புப்பிடி.

"எனக்கு ஒரே பொண்ணுதான். யாருமில்லன்னு எழுது" என்றார். அவளும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை.

ஒரு மாதம் கழித்து அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பெண்ணுக்கு நல்லது செய்கிற நினைப்பில் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் அளந்தேன். தங்கமான குடும்பம், கோர்ட்டு கேசு எதுவும் கிடையாது, அண்ணன்கூட வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று. அவர் குறிப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணனா?" என்றார். "ஹவ், ஆமாம், கூடப் பிறந்த அண்ணன்" என்றேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

தகவலை மறைத்ததால் தேர்வு ரத்து என்று கடிதம் வந்தது. நான் மாடிக்கு ஓடினேன். வர்ஷினி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்னை நாலு திட்டாவது திட்டுடி."

"நக்கோ ஆன்ட்டி, வேணாம். நீங்க உண்மையத்தானே சொன்னீங்க."

அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் தண்ணீரை அளந்து ஊற்றிக் குக்கரை மூடினாள். அதற்குப் பிறகு அவள் புத்தகம் எதையும் தொட்டு நான் பார்க்கவில்லை. பொழுது விடியும், சமைப்பாள், துவைப்பாள்.

பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தில் இருந்தது. பதினான்காம் நாள் அருணாசலமே வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். மகன் கணேஷ்குமார் என்று எழுதினார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். அடுத்து முகவரி எழுத வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? நான் அந்த அதிகாரியிடம் அளந்ததே ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

"அவன் இப்ப எந்த ஊர்ல இருக்கான்மா?" என்று மகளைக் கேட்டார்.

வர்ஷினி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியாதுப்பா. நம்பரை அழிக்கச் சொன்னீங்க. அழிச்சிட்டேன்."