சுந்தரம்மா கொடுத்துவிட்ட பால்

மாத்தளையில் மாடுகளின் நோயைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் கினிப்பன்றிகளைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லையாவின் வேலை. ஒரு மாட்டுக்குக் காசநோய் என்று சந்தேகம் வந்தால் அதன் பாலை டாக்டர் கினிப்பன்றிக்கு ஊசியாகப் போடுவார். பாலில் கிருமி இருந்தால் சில வாரங்களில் தொடையிடுக்கில் கட்டி தென்படும். தினமும் தடவிப் பார்த்துச் சொல்பவர் நல்லையா.

ஐம்பத்தெட்டாம் வருஷம், அலுவிகாரையில் அவர் வீட்டுப் பசுவே இருமத் தொடங்கியது. வறட்டு இருமல். கூட்டைக் கழுவும்போதும் சோற்றில் கைவைக்கும்போதும் அது அவர் காதுக்குள் இருமியது. ஒரே மகள் காந்தா, ஆறு வயது நோஞ்சான். ஐயோ, அவளுக்கு ஒட்டிக்கொண்டால்?

மனைவி சுந்தரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? பசு அவள் தாய்வீட்டுச் சீதனம், குறை சொன்னால் வீடு ரெண்டாகிவிடும் என்று பயம். "டாக்டர் ஐயாவுக்குக் கொஞ்சம் பால் வேணுமாம்" என்று மட்டும் சொன்னார். அவளைத் தவிர வேறு யாரையும் பசு மடியில் கைவைக்க விடாது. அவள் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததைக் கொண்டுபோய், டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிச் சோதனைக்குக் கொடுத்தார்.

அந்தக் கினிப்பன்றியை மட்டும் தினமும் ரெண்டு தடவை தடவிப் பார்த்தார். கட்டி வரவேயில்லை. கடைசியில் டாக்டர் அறுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து காந்தாவுக்குக் கறந்த சூட்டோடு, நுரையோடு ஒரு தம்ளர் பச்சைப்பால். உடம்பு தேறுமாம்! கொடுக்கச் சொன்னவரும் நல்லையாவேதான்.

பசுவோ இருமிக்கொண்டேயிருந்தது. குளிர்தான், குளிர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சில மாதம் கழித்து ஒரு காலை, மகளுக்குத் தலைவாரிவிடும்போது காதுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. மறுபடி தடவினார். எத்தனை கினிப்பன்றிகளில் தடவிய கட்டி!

"சுந்தரம், அன்னைக்கு டாக்டருக்குன்னு குடுத்தியே, அந்தப் பால்..."

"அதுக்கென்ன இப்ப? பெரிய மனுஷருக்குப் பச்சைப்பாலையா குடுத்துவிடுவாங்க? நல்லாப் பொங்கக் காய்ச்சி, ஆறவச்சு, ஆடை எடுத்துத்தான் ஊத்துனேன். ஏங்க, மொகம் ஏன் இப்புடிப் போகுது?"

காய்ச்சிய பாலில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? நல்லையா சீப்பைக் கீழே வைத்தார். பாதி பின்னிய சடையோடு காந்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இன்னைக்கும் நீங்க சொன்ன மாதிரியே மிச்சம் வைக்காமக் குடிச்சிட்டேன்" என்றாள்.