வேலை தேடிக்கொள்ள நூற்றிருபது நாள்

இங்கே மீன் வாங்குவதற்குக்கூட நம்பர் சீட்டு எடுக்க வேண்டும். போர்த்துக்கலுக்கு வந்த மூன்றாம் நாள் அது தெரியாமல் ஒரு மீன்கடையில் அரைமணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கடைக்காரி என்னைப் பார்த்து, "சேன்யா?" என்றாள். என் பெயர் அதுவா என்று கேட்கிறாள் என நினைத்து, "நோ, ஸ்டெல்லா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு முதியவர் வாசலில் இருந்த சிவப்பு எந்திரத்திலிருந்து சீட்டு ஒன்றைக் கிழித்து என் கையில் வைத்தார். சேன்யா என்றால் சீட்டு. தூத்துக்குடியில் ஒரு கூறு சாளை மீனுக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்படி பேரம் பேசியவள், என் எண் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கையில் வேலை இல்லாமலே வெளிநாடு போக முடியுமா என்று ஊரிலிருந்து சிலர் கேட்கிறார்கள். முடியும். நான் வந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் சொல்லச் சோர்வாக இருக்கிறது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பன்னிரண்டு வருடம் ஏற்றுமதிச் சரக்குக்கான ஆவணங்கள் தயாரித்தேன். ஒரு நாள் அந்த வேலை முழுவதையும் சென்னை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் மேசையும் நாற்காலியும் அங்கேயே இருந்தன, வேலை போய்விட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தேன். முகம் தெரியாத ஒருத்திக்கு யாரும் வேலை தருவதாகத் தாள் அனுப்பவில்லை. அப்படித்தான் வேலை உத்தரவாதம் கேட்காத விசாக்களைத் தேட ஆரம்பித்தேன். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் புள்ளிக் கணக்கு. வயது ஏறினால் புள்ளி இறங்கும், எனக்கு முப்பத்தொன்பது. ஜெர்மனியில் வேலை தேடுவதற்கென்று ஓர் அட்டை தருகிறார்கள். நான் தபால் வழியில் படித்து வாங்கிய பட்டம் அங்கே செல்லும் என்று காட்ட என்னிடம் தாள் இல்லை. மிஞ்சியது போர்த்துக்கல். அப்போது இருந்த விதிப்படி, வேலை தேட நூற்றிருபது நாள், நீட்டித்தால் இன்னும் அறுபது. அதற்குள் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். மறுபடி கேட்க ஒரு வருடம் ஆகும். விதிகள் பிறகு மாறிவிட்டன. யாரும் என்னைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம்.

என் கணவர் ரூபன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். விசா வந்த அன்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏளா, வேலைக்குப் போறேங்குத. எங்கன வேலைன்னு கேட்டா, போய்த்தான் தேடணுங்குத. இது என்னளா கணக்கு?"

"எனக்கும் தெரியலங்க" என்றேன். அது உண்மை.

வந்து தங்கியது போர்த்தோ நகரத்தை ஒட்டிய துறைமுக ஊரில். கப்பல் இருக்கும் இடத்தில் எனக்கொரு மேசை இருக்கும் என்று நம்பினேன். தொண்ணூறு நாளில் ஒரே ஓர் அலுவலகம்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இருப்பதில் நல்ல சேலையைக் கட்டலாமா என்று யோசித்து, பிறகு கோட்டு போட்டுக்கொண்டு போனேன். எதிரே இருந்த அம்மாள் சிரித்தபடி போர்த்துக்கீசில் கடகடவென்று பேசினாள். எனக்குப் புரியவில்லை என்றதும் விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"பெர்னாண்டஸ் என்று இருக்கிறதே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்கள் நாட்டுப் பெயராயிற்றே."

"எங்கள் ஊரிலும் உண்டு. உங்களிடமிருந்து வந்ததுதான்."

"ஓ! கணவர் போர்த்துக்கீசியரா?"

"இல்லை. நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் எங்கள் முத்துக்குளிக்கும் கரைக்கு வந்தார்கள். அப்போது வந்த பெயர்."

அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. பெயரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போர்த்துக்கீசு பேசும் பிரேசில்காரி என்று நினைத்தார்களாம். மொழி தெரியாமல் இந்த வேலை பார்க்க முடியாது என்று சொல்லி, வாசல்வரை வந்து மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண்தான். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது ரூபன் அழைத்தார்.

"என்ன சொல்லுதாவ?"

"பேரு நல்லாருக்குன்னு சொன்னாவ."

"வந்துருதியா?" என்றார். வந்துவிடுகிறேன் என்பது வாய்வரை வந்தது. மழை வருகிறது என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். மழை வரவில்லை.

விசாவை நீட்டித்தேன். நூற்றுநாற்பதாம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். மீன் பதப்படுத்தும் ஆலையில் கணவாய் மீன் சுத்தம் செய்து பெட்டியில் அடுக்கும் வேலை. என் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். வீட்டுக்கு வந்த மீனைக்கூட என்னைத் தொடவிட மாட்டார். "நீ படி. கையில மீன் கவுச்சி இருக்கக் கூடாது" என்பார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் நாள் கையுறையைக் கழற்றி விரல்களை முகர்ந்தபோது, அவர் இல்லாதது நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அழுதேன். அடுத்த நாளும் போனேன்.

போன வாரம் மதிய இடைவேளையில் மகள் ஷைனி கூப்பிட்டாள். ஊரில் அப்போது சாயங்காலம். பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, அப்பா அட்ரஸ் எழுதிட்டேன். அம்மா அட்ரஸ்னு தனியா ஒரு கோடு போட்டிருக்காவ. எத எழுத? நம்ம வீடா, அங்க உள்ளதா?"

"ரெண்டையும் எழுதேன்."

"ஒரு கோடுதாம்மா இருக்கு."

ரூபன் ஃபோனை வாங்கினார். "நம்ம வீட்டையே எழுதச் சொல்லுதேன். என்ன?"

"சரி" என்றேன்.

அன்று வேலை முடிந்து வந்தபோது, அடுக்ககத்து வாசலில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளின் முன்னால் நின்றேன். இரண்டு நேபாளப் பெண்களோடு நான் தங்கியிருக்கும் வீட்டின் பெட்டியில் இன்னும் பழைய குடித்தனக்காரரின் பெயர்தான் இருக்கிறது. என் குடியிருப்பு அட்டை தபாலில்தான் வர வேண்டும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார்கள். அதனால் ஒரு தாளில் ஸ்டெல்லா பெர்னாண்டஸ் என்று எழுதி அந்தப் பெயருக்கு அடியில் ஒட்டியிருந்தேன். கடற்காற்றின் ஈரத்தில் அதன் ஓரம் பிரிந்து நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். பிடித்திருக்கும்வரை ஒட்டியிருந்தது. விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது.