ஓடாத சோதனை

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதியில் விசைத்தறிகள் ஓடும், பின்கட்டில் என் கணினி. உலகெங்கும் பலர் எழுதும் இலவச மென்பொருள்களை, எவர் கணினியிலும் நிறுவும்படி பொதிகளாகக் கட்டித் தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எழுத்துகளைத் திரையிலும் தாளிலும் கோத்துத் தரும் ஒரு பொதி அண்மையில்தான் என் பொறுப்புக்கு வந்திருந்தது.

சங்ககிரியில் லாரி ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒருநாள் ஒரு பில்லை நீட்டினாள்.

"அண்ணி, புதுசா அப்டேட் பண்ணுனதுல இருந்து கொங்கணாபுரம்னு அடிச்சா இப்படித்தான் வருதுங்க."

'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. என் பொதியின் புதிய பதிப்பு அது; கட்டும்போது தானாக ஓடும் எல்லாச் சோதனைகளிலும் தேறியதாகத் திரை பச்சை காட்டியிருந்ததே!

பொதியைக் கட்டியபோது கணினி எழுதிவைத்த பதிவை மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். தமிழ்ச் சோதனைகளுக்கு நேரே 'தவிர்க்கப்பட்டது' என்றிருந்தது. சோதனைக்கு வேண்டிய எழுத்துரு வேறு கோப்புறைக்கு மாறியிருக்கிறது. பழைய இடத்தில் தேடிக் காணாததும், அந்தச் சோதனைகளை ஓட்டாமலே கட்டுமானம் முடிந்திருக்கிறது. பாதையைத் திருத்தி ஓட்டினேன். திரை சிவந்தது. தோல்விதான், ஆனாலும் ஒளிந்திருந்த பிழை பிடிபட்டதில் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

அப்புறம், எந்தெந்த வசதியோடு பொதியைக் கட்ட வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதியை இயக்கும் விருப்பத்தேர்வுக்குப் புதிய பதிப்பில் பெயரை மாற்றியிருந்தார்கள். எங்கள் கோப்பில் பழைய பெயரே இருந்ததால் வசதி அணைந்தே கிடந்தது. அதை மாற்றியதும் தமிழ்ச் சோதனைகள் உண்மையாகவே ஓடித் தேறின.

இனி எழுத்துரு கிடைக்காவிட்டால் கட்டுமானம் நின்றுவிட வேண்டும் என்றும் ஒரு திருத்தம் அனுப்பினேன். மூத்த பராமரிப்பாளர் ஒருவர், "இதற்காக நிறுத்த வேண்டுமா? எல்லாம் தேறத்தானே செய்தது?" என்று கேட்டார்.

"தேறவில்லை, ஓடவே இல்லை" என்று எழுதி, சிதறிய பில்லின் படத்தையும் இணைத்தேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்.

சில வாரம் கழித்து, முகம் தெரியாத ஒரு கம்போடியப் பெண்ணிடமிருந்து கடிதம். இதே பொதியை அவள் தன் கணினியில் கட்டியபோது என் திருத்தம் கட்டுமானத்தை நிறுத்தியதால்தான், தங்கள் கெமர் எழுத்துச் சோதனைகளும் ஓடாமல் கிடந்தது தெரிந்ததாம். தறியை நிறுத்திவிட்டு வந்த கணவருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அப்ப அவிங்க எழுத்தையும் நீதான் காப்பாத்துனியா புள்ள?"

"ஆமாங்க, நாந்தான்" என்றேன்.