வசவு நின்ற ஞாயிறு

கனடாவின் சட்பரி சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை உடைத்த கார்னெட் பெல்கியிடம் ஊரில் ஒருவரும் மரியாதையாகப் பேசியதில்லை. ஞாயிறுதோறும் பனித்திடலில் ஹாக்கி ஆட்டம். தோற்ற அணிதான் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்து, கீறல் விழுந்த தரையை மறுபடி உறைய வைக்க வேண்டும். கோல்கீப்பர் கார்னெட்டின் அணிதான் எப்போதும் தோற்கும்.

"டேய் குழாய்ப்பயலே, கோலுக்குக் காவல் நிக்கிறியா, கதவத் தொறந்து விடுறியா?" என்பான் எதிரணி லியோ.

"உன் மூஞ்சியப் பாத்தா கடமான்கூட காட்டுக்குள்ள ஓடிப்போயிரும்டா!" என்பான் இன்னொருவன்.

ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொன்னபோது கார்னெட் நம்பவில்லை. மனைவி டோரீனிடம் மட்டும் சொல்லிவிட்டு அந்த ஞாயிறும் ஆடப் போனான். ஏழு கோலை உள்ளே விட்டான். வழக்கம்போல் குழாயை எடுத்தான். லியோ ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டான்.

"நீ உக்காரு, கார்னெட். நல்லா ஆடினே."

ஜெயித்தவன் குழாய் பிடித்து அந்தத் திடலில் யாரும் பார்த்ததில்லை. டோரீன் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருக்கிறாள். மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். அப்போதுதான் கார்னெட்டுக்கு டாக்டர் சொன்னது உறைத்தது.

"டேய், ஒரே ஒரு வார்த்த திட்டுடா," என்றான்.

லியோ வாயைத் திறந்தான். "மன்னிச்சுக்கடா" என்றுதான் வந்தது.