மதியம் வரும் போன்

சென்னையில் ஒரு பெரிய ஆடிட்டிங் கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறேன். முதல்முறை ஸ்டாக் சரிபார்க்க அனுப்பியதே என் ஊரான ஆரணிக்கு, ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு. "உங்க சொந்தக்காரங்க யாராவது அங்க வேலை செய்யறாங்களா?" என்று சீனியர் கேட்டார். இல்லை என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குடோனில் புடவைகளைப் பிரித்துக் காட்ட வந்தவள் என் அம்மா. இடுப்புவலியால் வேலைக்கே போவதில்லை என்று சொல்லியிருந்தாள்.

சீனியர் பக்கத்திலேயே நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இதப் பாருங்க மேடம்." சொந்தம் இருந்தால் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எப்போதோ நான்தான் அவளிடம் சொன்னது.

"சரிங்க" என்றேன். அடுத்த புடவையின் சீட்டைப் படித்தேன்.

மதியம் குடோனிலேயே சாப்பிடும்போது போன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்கு அம்மா கூப்பிடுவாள்.

"சாப்ட்டியா கண்ணு?"

குரல் போனிலும் கேட்டது, அலமாரிக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

"சாப்ட்டுகினு இருக்கேன்மா. நீ இன்னா பண்ற?"

"வூட்லதான், சும்மா படுத்துகினு இருக்கேன்."

அதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. இப்போதும் தினமும் கூப்பிடுகிறாள். என்ன செய்கிறாய் என்று மட்டும் நான் கேட்பதில்லை.