தமிழ்க் கட்டத்தில் எலி

டிபன் பையைத் திறந்தது நான்தான். என் மகன் அதைச் சமையலறை வாசலில் போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தயிர்சாதம் புளித்திருக்கும் என்று நினைத்து ஜிப்பை இழுத்தேன். டப்பாவை ஒட்டி ஒரு எலி செத்துக் கிடந்தது. வால் என் கட்டைவிரலில் பட்டது. கூடவே நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாள்: 'உன் தம்பி.'

இரண்டு வாரமாகிறது. பையை அன்றே குப்பையில் போட்டாயிற்று. இன்னும் சாப்பிட உட்கார்ந்தால் விரலை முகர்ந்து பார்க்கிறேன்.

அந்த எலியைவிட எனக்குக் குமட்டுவது வேறொன்று. பதினான்கு வருஷத்துக்கு முன், மனைவி பிரசவத்துக்காக மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது, இணையத்திலிருந்து ஒரு பட்டியலை அச்செடுத்தேன். உலகத்து ஆண் பெயர்கள், எல்லாம் இரண்டு அசையில், அர்த்தத்தோடு. லியோ, சிங்கம். ஈதன், உறுதியானவன். டாரோ, மூத்த மகன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ரயில்பெட்டி மாதிரி நீளமான சாமி பெயர். என் பெயரை வெளிநாட்டு அதிகாரிகள் போனில் கடித்துத் துப்பிய எரிச்சலில், எந்த ஊர் வாயிலும் நுழைகிற பெயராகத் தேடினேன். கடைசியில் ஒன்று கிடைத்தது: ஆங்கிலத்தில் ஈ, எல், ஐ என்று மூன்றே எழுத்து. 'ஈலை' என்று சொல்ல வேண்டும். எபிரேயத்தில் உயர்ந்தவன் என்று போட்டிருந்தது.

பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை ஈலை. இன்னொரு தடவை எலி. இரண்டாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடித்தேன். அந்தப் பெயருக்கு முதலில் சிரித்தவன் நான்.

பிறப்புச் சான்றிதழ் படிவத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம், தமிழுக்கு ஒரு கட்டம். தமிழ்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். அலுவலகத்தில் யாரோ எழுத்துக் கூட்டி 'எலி' என்று நிரப்பியிருந்தார்கள். திருத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் யார் தமிழில் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் பட்டியலோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பார்த்தவர் தமிழாசிரியர். ஒன்பதாம் வகுப்பில், பொதுத்தேர்வுப் பட்டியலுக்காகப் பெயர்களைச் சான்றிதழோடு ஒப்பிட்டிருக்கிறார். அன்றைய பாடம் யாப்பு. அவரவர் பெயரை அசை பிரிக்கச் சொன்னார். என் மகன் எழுந்து, "ஈ, லை. நேர் நேர். தேமா சார்" என்றிருக்கிறான்.

"சர்டிபிகேட்ல எலின்னு இருக்கேப்பா. ரெண்டு குறில் சேர்ந்தா நிரை. ஒரே அசைதான்."

அவர் பாடம்தான் நடத்தினார். வகுப்பு அதற்குமேல் பாடம் கேட்கவில்லை. மறுநாள் அவன் டெஸ்க்கில் ஒரு மசால்வடை. "சாப்புடு மச்சி, பொறி இல்ல, பயப்படாத." அதற்கு மறுநாள் அவன் உள்ளே நுழைந்ததும் பாதி வகுப்பு காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டு கீச்சிட்டதாம். மூன்றாம் நாள் டிபன் பை.

அதோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடையாறில் இருக்கும் அந்தப் பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். "பசங்க விளையாட்டு சார், பெருசு பண்ணாதீங்க" என்று காபி வரவழைத்தார். தலையாட்டிக்கொண்டே அதைக் குடித்தேன்.

நேற்று பெயர் மாற்ற விண்ணப்பம் வாங்கி வந்தேன். அதிலும் தமிழ்க் கட்டம். "நீயே ஒரு பேர் சொல்லுடா. தமிழ்ல எழுதிப் பாத்துடலாம்" என்று பேனாவை நீட்டினேன்.

"அப்பவே எழுதிப் பாத்திருக்கலாம்லப்பா?"

தோணலடா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய்யை விழுங்கிவிட்டு எழுந்தேன். பீரோவைத் திறந்து அந்தப் பழைய பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதி அடித்திருந்த 'எலி'யை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

விண்ணப்பத்தை இழுத்துத் தமிழ்க் கட்டத்தில் அவனே எழுதினான். ஈலை. "பேர மாத்த வேணாம். எழுத்த மட்டும் மாத்து. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு நானே போய்க்கிறேன், நீ வராத."

பட்டியலை ஒரு மூலையில் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினான். பிறகு குளியலறைக்குப் போனான். குழாய்ச் சத்தம் கேட்டது. சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.